இராயபுரம் முதல் வியாசர்பாடி வரை

வடசென்னையைப் பற்றிப் பேசுவோர் பலர். அங்குச் சென்று பார்த்தோர் சிலர். கத்தியும் கைகலப்பும் நிறைந்த இடமென்று திரைப்படங்கள் அதற்கொரு முகத்தை வரைந்து வைத்திருக்கின்றன. அம்முகத்தை மட்டும் அறிந்தவர்கள், ஒரு மாலைப்பொழுதில் இராயபுரத்தில் தொடங்கி வியாசர்பாடி வரை சென்று வருவார்களாயின், வேறொரு முகத்தையும் காண்பார்கள்.

இராயபுரம் என்னும் பெயரே நமக்கு உறவுடையது. புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். கடலோடும் படகோட்டிகள் தங்கள் உழைப்பின் பொருளால் எழுப்பிய அவருடைய ஆலயம் இன்றும் அங்கு நிற்கிறது. சற்றுத் தொலைவில் பழைய புகைவண்டி நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இங்கிருந்துதான் வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது. கிழக்கே துறைமுகமும் காசிமேட்டு மீன்பிடித் துறையும். வடக்கே 1955 முதல் மோட்டார் சைக்கிள் உருவாக்கிய திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையும், எண்ணூர் அசோக் லேலண்டு ஆலையும். மேற்கே, 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலையின் நினைவுகள். ஆலைச் சங்கொலி கேட்டு எழுந்து, சங்கொலி கேட்டு உறங்கிய தலைமுறைகள் வாழ்ந்த பூமி இது.

கால்பந்து எங்கும் கப்பலேறி வந்த ஆட்டம். பிரேசில் நாட்டுக்கு அதனைக் கொண்டு சேர்த்தவர் என்று போற்றப்படும் சார்லஸ் மில்லர், 1894இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி சான்டோஸ் துறைமுகத்தில் வந்திறங்கியபோது அவர் பெட்டியில் பந்துகள் இருந்தன. நம் நாட்டிலும் ஆங்கிலப் படையினரும் மாலுமிகளும் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த எளியோர், பின்னர் அதைத் தமதாக்கிக் கொண்டனர். 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2–1 என வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய நாளில், அதன் பதினொரு ஆட்டக்காரருள் ஒருவர் மட்டுமே காலணி அணிந்திருந்தார். பொருள் குறைந்தோர்க்கும் மறுக்கப்படாத ஆட்டம் இது. பந்து ஒன்று போதும். இருபத்திரண்டு பேர் ஆடலாம்.

சென்னையில் இவ்வாட்டத்தை நெடுங்காலம் தாங்கி நின்றவை அலுவலக அணிகள். இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, தென்னக இரயில்வே, துறைமுகம், இந்தியன் வங்கி ஆகியவை நன்றாக ஆடும் இளைஞனுக்கு வேலையும் கொடுத்தன. ஒரு பந்து ஒரு குடும்பத்தின் அடுப்பை எரியச் செய்த காலம் அது. கல்லூரிகளும் ஆட்டத்திறன் கண்டு இடமளித்தன. வீட்டில் எவரும் கல்லூரி வாயிலை மிதித்திராத பிள்ளைகள், கால்பந்தின் வழியாகவே வகுப்பறைக்குள் நுழைந்தார்கள்.

வியாசர்பாடிக்குள் சென்றால் இவ்வரலாறு இன்னும் உயிரோடிருப்பதைக் காணலாம். இதனை மக்கள் 'மினி பிரேசில்' என்றே அழைக்கின்றனர். முல்லை நகர்த் திடலில் விடியலிலும் மாலையிலும் சிறுவரும் சிறுமியரும் பயிற்சி பெறுகிறார்கள். இப்பகுதிப் பிள்ளைகளின் விளையாட்டையும் கல்வியையும் ஒருங்கே வளர்க்க இங்குள்ளோரே நடத்தும் சங்கம், பந்தோடு பாடத்தையும் கற்பிக்கிறது. வெற்றுக் காலால் ஆடுவோரும் உண்டு.

திடலை ஒட்டிய தேநீர்க் கடையில் பெரியவர் சிலர் பழைய ஆட்டங்களைப் பேசிக்கொண்டிருந்தனர். 2018 மார்ச் 13 அன்று, நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எப்.சி., கோவா அணியை 3–0 என வீழ்த்தி இந்தியன் சூப்பர் லீகின் இறுதிக்கு முன்னேறியது. அம்மூன்றில் ஒன்றை அடித்தவர் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ். நான்கு நாள் கழித்துப் பெங்களூரில் 3–2 என வென்று கோப்பையும் பெற்றனர். அதனை விவரித்த பெரியவர் இருக்கையை விட்டே எழுந்துவிட்டார். "சாமி, அது எங்க பேட்டைப் புள்ள அடிச்ச கோல்!" என்றார். அவர் குரலில் இருந்தது பெருமை மட்டுமன்று. தன் தெருவின் பெயரை நாடு ஒருமுறை நல்லவிதமாகக் கேட்டது என்ற நிறைவு.

அடுத்தவர் விடவில்லை, நந்தகுமார் சேகரின் கதையைத் தொடங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகனான அவ்விளைஞர், 2023 ஆகஸ்டு 12 அன்று துராந்து கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானை எதிர்த்து ஆடினார். அறுபதாம் நிமிடத்தில் அவர் அடித்த கோலே ஆட்டத்தின் ஒரே கோல். நான்கரை ஆண்டுகளாக அப்பெரும்போட்டியில் வெற்றி காணாதிருந்த கல்கத்தா இரசிகர்கள் கண்ணீர் மல்கினர். அதே தொடரின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் வென்றது என்பதையும் அப்பெரியவர் மறைக்கவில்லை. ஆயினும் 2024 ஜனவரி 28 அன்று புவனேசுவரத்தில், தம் முந்தைய அணியாகிய ஒடிசாவுக்கு எதிராக, ஒரு கோல் பின்தங்கியிருந்த வேளையில் சமன் செய்தவர் அதே நந்தகுமார். கூடுதல் நேரத்தில் 3–2 என வென்று, 2012க்குப் பின் முதன்முறையாக ஈஸ்ட் பெங்கால் தேசிய அளவிலான கோப்பை ஒன்றைப் பெற்றது.

இவற்றைக் கேட்டபோது மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் எழுந்தது. நம் பிள்ளையின் கோலுக்குக் கல்கத்தா கண்ணீர் வடிக்கிறது. நம் நகரிலோ அவர் பெயரை அறியாதோர் எத்தனை பேர்! வியாசர்பாடி முகவரியை எழுதினால் வேலை கிடைக்காதோ என்று அஞ்சும் இளைஞர் இன்னும் உள்ளனர். பந்தின் பின்னே ஓடும் பையன் பதினைந்து வயதில் எதன் பின்னே ஓடுவான் என்பதை முடிவு செய்வது, பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்கு அவனுக்குத் திறந்திருக்கும் இடமே. திடல் திறந்திருந்தால் திடலுக்குப் போவான். அது பூட்டப்பட்டிருந்தால், திறந்திருக்கும் வேறிடங்களுக்குக் குறைவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் நந்தகுமார் ஆகிவிடப் போவதில்லை. நூற்றுக்கு ஒருவர் புகழ் பெற்றாலும் அரிது. மற்றவர்களுக்கும் அத்திடல் வீணாகவில்லை. தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கவும், தனக்கு வாய்ப்பிருந்தும் தோழனுக்குப் பந்தைக் கொடுக்கவும் அவர்கள் அங்கே கற்றார்கள். அவர்களுள் படித்துப் பட்டம் பெற்றோரும், அரசுப் பணியில் அமர்ந்தோரும், மீண்டும் அங்கே வந்து இளையோரைப் பயிற்றுவிப்போரும் உண்டு. அவர்களுடைய பெயர்கள் செய்தித்தாளில் வருவதில்லை.

பெற்றோரே, வடசென்னையிலிருந்து எவரேனும் உங்கள் மகனோடு படிக்கவோ, உங்களிடம் வேலை கேட்கவோ வந்தால், முகவரியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ஆட்டம் தெரியுமா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் பயன்படாது பூட்டிக்கிடக்கும் மைதானம் ஒன்றிருந்தால், அதன் சாவி யாரிடம் உள்ளது என்பதையும் விசாரியுங்கள்.