வஞ்சமும் வாய்மையும்

பழிவாங்கும் கதைகள் பாரெங்கும் உண்டு. பழி முடிந்தவுடன் கைதட்டலோடு முடிவனவே அவற்றுட் பல. தட்ட எழும் கையைத் தடுத்து நிறுத்துவன சிலவே. ஆன்டனி மான் இயக்கி 1948-இல் வெளிவந்த ‘ரா டீல்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் அச்சிலவற்றுள் ஒன்று. குற்றமும் இருளும் மண்டிய இத்தகைய படங்களைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ‘ஃபிலிம் நுவார்’ என்றனர். ‘கரும்படம்’ என்பது அதன் பொருள். தமிழ்த்துறை மலரில் திரைப்படமா எனப் பெரியோர் வினவலாம். அறம் பேசும் எதுவும் நம் ஆய்வுக்குரியதே.

பிறர் குற்றத்தைத் தன் தலைமேல் ஏற்றுச் சிறை சென்றவன் ஜோ. கூட்டத்தலைவன் ரிக் அவனுக்கு 50,000 டாலர் தரக் கடமைப்பட்டவன். தர மனமில்லாத ரிக், ஜோ சிறையிலிருந்து தப்ப வழிவகுக்கின்றான். காவலரின் துப்பாக்கி தன் கடனைத் தீர்த்துவிடும் என்பது அவன் கணக்கு. கணக்குப் பிழைக்கின்றது. பங்கையும் பழியையும் ஒருங்கே தீர்க்கப் புறப்படுகின்றான் ஜோ. அவனோடு இரு பெண்கள்: அவனையே நம்பி வாழும் பாட், அவனைத் திருத்த முயன்று, பிணையாகக் கொண்டுசெல்லப்படும் ஆன்.

அகப்பாடலைக் கையிலெடுத்ததும் ‘இது யார் கூற்று?’ என வினவுவது தமிழ் மாணவர் மரபு. இப்படத்திடமும் அவ்வாறே வினவினோம். கதையைக் கூறுவது பாட்டின் குரல். கிளேர் டிரெவர் அதனைத் தளர்ந்த தொனியில் பேசுகின்றார். காதலனின் உள்ளம் வேறொருத்தியின்பால் சாய்வதை உடனிருந்து காண்பவள் வாய்வழிக் கேட்பதால், துப்பாக்கிகளின் கதை நெஞ்சின் கதையாகின்றது.

ஆன் ரிக்கிடம் சிக்கிய செய்தி தொலைபேசியில் பாட்டுக்கு எட்டுகின்றது. அவள் அதை மறைத்துவிடுகின்றாள். கப்பலில் ஜோ திருமணம் பற்றிப் பேசுகின்றான். ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் இங்கே கடிகார முகப்பில் அவள் முகத்தை நிழலாட விடுகின்றார். வாய்மூடியிருந்தால் அவன் அவளுக்குரியவன். வாய்திறந்தால் அவனை இழப்பாள். அவள் வாய்திறக்கின்றாள்.

பின்னர் மூடுபனி, துப்பாக்கிச் சூடு, தீ. ரிக் சாளரம் வழியே வீழ்ந்து மடிகின்றான். ஜோ ஆனின் கைகளில் உயிர்விடுகின்றான். பழி முடிந்தது, மகிழ்ந்தவர் எவருமிலர். பழியை மறந்து கப்பலேறியவனே ஜோ. தான் தொடங்கிய பகை, தான் விட்ட பின்னும் தன்னை விடவில்லை என்பதே அவன் துயரம்.

இழைத்த தீங்குக்கு ஈடு கேட்கும் உரிமையை இஸ்லாம் மறுக்கவில்லை. ஆயினும் மன்னிப்போரையே உயர்த்துகின்றது. கி.பி. 630-இல் மக்காவை வென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், தம்மைத் துன்புறுத்தி ஊரைத் துறக்கச் செய்த மக்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார்கள். பழிதீர்க்கும் வலிமை கைவந்த நாளிலேயே அதனைக் கைவிட்டமை அவ்வரலாற்றின் மாண்பு.

எனினும், இப்படத்தில் நம் நெஞ்சில் நிலைப்பவள் பாட்டே. அவளிடம் சேர்ந்த செய்தி ஓர் அமானிதம். அதனை ஒப்படைத்தால் தன் வாழ்வே போய்விடும் என்றறிந்தும் ஒப்படைத்தாள். இளைஞர்தம் நாவில் ‘விடமாட்டேன்’ என்னும் சொல் எளிதில் எழும் காலமிது. துப்பாக்கி ஏந்தியவனைக் காட்டிலும், இழப்பு நேரும் என்றறிந்தும் உண்மை உரைத்தவளே வீரம் மிக்கவள் என்பதை நம் மாணாக்கர் எண்ணிப் பார்ப்பாராக.