அறுநூறு பதினாறு

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தோம். விடியற்காலை நாலரை மணி. பாதை முழுக்கப் பாறை. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறும்போது எதிர்ச்சக்கரம் குழிக்குள் இறங்கும். பின்னால் எட்டுப் பேர். பாதி வழியில் இன்ஜின் சூடு தணிய வண்டியை நிறுத்தினார்கள். கீழே இறங்கி டார்ச் அடித்து டயரைப் பார்த்தேன். ஒரு சாண்கூட வராத அகலம்.

“அண்ணே, இவ்வளவு ஒல்லி டயரை வச்சுக்கிட்டா இந்தப் பாறையில ஏத்துறீங்க?”

“ஒல்லியா இருக்கப் போய்த்தான் தம்பி ஏறுது. அறுநூறு பதினாறு. எங்கய்யா ஓட்டுன ஜீப்புக்கும் இதுதான். பட்டையாப் போட்டா ஸ்டியரிங்கு கையப் புடுங்கும்.”

“இந்த அளவை யாருண்ணே முடிவு பண்ணுனது?”

“யாரு பண்ணுனாவளோ? வண்டியோட வந்துச்சு.”

அந்தப் பதில் என்னை விடவில்லை. காரணம், கீழே விடுதி வாசலில் நின்ற என் மஹிந்திரா தார் வண்டி. ஒரு மாதத்துக்கு முன்புதான் கம்பெனியோடு வந்த 245/75 ஆர்16 டயர்களைக் கழற்றிவிட்டு, 285/75 ஆர்16 போட்டிருந்தேன். ‘காட்டு வழிக்குப் பெரிசு போட்டாத்தான் சார் வேலைக்காகும்’ என்று கடையில் சொன்னதை நம்பி, அதற்கேற்ற அகல ரிம்மும் வாங்கினேன். அன்றிலிருந்து ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் உள்மட்கார்டில் உரசியது. போடிமெட்டு ஏறும்போது இரண்டாவது கியரில் வந்த இடத்தில் முதல் கியர் கேட்டது. பெரிய டயர் போட்ட என் வண்டி ஏன் திணறுகிறது, ஒல்லி டயர் போட்ட கிழட்டு ஜீப் எப்படி எட்டுப் பேரோடு ஏறுகிறது? டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களின் பிறப்பைத் தேட ஆரம்பித்தேன்.

அந்த ஜீப்பின் டயரில் 6.00-16 என்று இருக்கும். டயரின் அகலம் 6 அங்குலம், உள்ளே மாட்டும் ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பேச்சில் புள்ளி உதிர்ந்து 6.00 அறுநூறு ஆகிவிட்டது. மஹிந்திரா மும்பையில் ஜீப் பூட்டத் தொடங்கியபோது அது அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப். அமெரிக்கப் போர்த்துறை 1944 பிப்ரவரியில் வெளியிட்ட டிஎம் 9-803 என்ற கையேட்டில் அந்த வண்டியைப் பற்றி எல்லாம் இருக்கிறது. டயர் 6.00-16. ரிம்மின் அகலம் வெறும் நாலரை அங்குலம். டயரின் பட்டன்கள் நடுக்கோட்டின் இருபுறமும் நேர்க்கட்டைகளாக இருக்கும். முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் ஒரே பிடிப்பு. எந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் மாட்டினாலும் சரி. போர்க்களத்தில் டயர் மாற்றுகிறவனுக்கு அது பெரிய உதவி.

பிரிட்டனில் 1948-இல் வந்த முதல் லேண்ட் ரோவரும் இதே 6.00-16 மேல்தான் நின்றது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்சீ தீவில் இருந்த தன் பண்ணையில் போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப்பைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். 80 அங்குல வீல்பேஸும் ஜீப்பிலிருந்து அப்படியே வந்தது.

இவ்வளவு பெயர் வாங்கிய அளவு என்றால் மலைக்கும் சேற்றுக்கும் என்றே யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார்கள் என்று எண்ணினேன். 1935-ஆம் வருட ஃபோர்டு காரின் விவரத்தைப் பார்த்தபோது அந்த எண்ணம் உடைந்தது. ஊருக்குள் ஓடிய அந்தக் குடும்பக் காரிலும் 6.00-16. ஜீப் பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அமெரிக்கச் சாலையில் சாதாரணமாகப் புழங்கிய கார் டயர் அளவு அது. அப்படியானால் ஜீப்பின் ஏறும் திறன் டயரின் அகலத்திலிருந்து வரவில்லை. வண்டியின் எடை 1,100 கிலோ அளவு. நான்கு சக்கரத்துக்கும் இழுவை. ஆக்சிலில் 4.88-க்கு 1 என்ற பல்சக்கர விகிதம். டயரின் உயரம் அந்த விகிதத்துக்கு ஒத்துப்போனது. கொழுக்குமலை அண்ணனுடைய வண்டியிலும் வேலை செய்வது இந்தப் பொருத்தம்தான்.

இன்னும் பின்னால் போனேன். ஃபோர்டு மாடல் டி காரின் பின்சக்கர டயர் 30×3½. இங்கே எண்களின் வரிசையே வேறு. முதலில் இருப்பது டயரின் மொத்த உயரம், 30 அங்குலம். அடுத்தது அகலம். ரிம் அளவை எழுதவே மாட்டார்கள். அந்தக் காலத்து டயர் குறுக்கே வெட்டினால் வட்டமாக இருக்கும், அகலமும் பக்கச்சுவரின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. 30-இலிருந்து மூன்றரையை இருமுறை கழித்தால் 23, அதுதான் ரிம். முன்சக்கரம் 30×3, அதன் ரிம் 24. இந்த இரண்டு அளவால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு உபரி டயர் சுமக்க வேண்டியிருந்தது. டயரை வாங்குகிறவர் வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை முதல் எண்ணிலேயே படித்துவிடுவார். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது.

1923-இல் ஃபயர்ஸ்டோன் பலூன் டயரைக் கொண்டுவந்தது. அதிக அகலம், குறைந்த காற்று, சொகுசான ஓட்டம். மாடல் டி-க்கு வந்த பலூன் டயர் 4.40-21. பின்னங்கள் போய்ப் புள்ளி எண் வந்தது. உயரம் எழுத்திலிருந்து மறைந்து, ரிம் அந்த இடத்தைப் பிடித்தது. 6.00-16 இந்தக் குடும்பத்துப் பிள்ளை. பழைய கணக்கில் அதன் உயரம் 16-உடன் 12, ஆக 28 அங்குலம். நிஜத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதல்.

என் டயரின் 245-இல் இருக்கும் மில்லிமீட்டர் எப்படி வந்தது? பிரான்சின் மிஷலின் 1946-இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கேட்டு, 1949-இல் விற்கத் தொடங்கியது. பழைய டயரில் உள்நூல்கள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். ஐரோப்பியர்கள் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதினார்கள். சிட்ரோன் டிஎஸ் காரின் டயர் 165-400. ரிம்மும் மில்லிமீட்டர்தான். ஆனால் உலகம் முழுக்க ரிம்கள் அங்குலத்தில் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. மிஷலின் 1975-இல் டிஆர்எக்ஸ் என்ற பெயரில் 390 மில்லிமீட்டர் ரிம்மைக் கொண்டுவந்து மறுபடி முயன்றது, நிலைக்கவில்லை. டயர்கள் தட்டையாகிப்போனதால் பக்கச்சுவரின் உயரத்தையும் எழுத வேண்டி வந்தது. அது அகலத்தின் சதவீதமாக நடுவில் நுழைந்தது. ஆக 245/75 ஆர்16-இல் முதல் எண் மில்லிமீட்டர், இரண்டாவது சதவீதம், மூன்றாவது அங்குலம். மூன்று அளவை முறைகள் ஒரே வரியில்!

இதில் பாதிக்கப்படுவது வாங்குகிறவர்தான். 245-ஐயும் 285-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணில் படுவது அகலம். உயரத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். 245-இல் 75 சதவீதம் 183.75 மி.மீ., மேலும் கீழுமாக 367.5. ரிம் 16 அங்குலம் என்றால் 406.4 மி.மீ. மொத்தம் 774. அதே வழியில் என் புதிய டயர் 834. வித்தியாசம் 60 மி.மீ. ஆக்சில் தரையிலிருந்து உயர்ந்தது அதில் பாதி, 30 மி.மீ. மட்டும். அதற்கு நான் கொடுத்த விலை என்ன? சக்கரம் ஏறக்குறைய எட்டு சதவீதம் பெரிதானதால் தரையில் இழுக்கும் விசை 7 சதவீதம் குறைந்தது. போடிமெட்டில் கியர் கேட்டதன் காரணம் இதுதான். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ஐத் தாண்டி ஓடியது. பிரேக்குக்கும் சுமை கூடியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. இதில் எதையும் கடையில் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தேடலில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி தந்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பாலைவனங்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்காக வந்த டயர்களில் 31×10.50 ஆர்15 என்று இருக்கும். 31 மொத்த உயரம், பத்தரை அகலம், 15 ரிம். மாடல் டி காலத்து வரிசை மறுபடி உயிர்பெற்றிருக்கிறது. காட்டில் ஓட்டுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது உயரம் என்பதை இவர்கள் மறக்கவில்லை.

ஒல்லி டயர்தான் எங்கும் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. சேற்றில் ஒல்லி டயர் மேல்சகதியை வெட்டிக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொடும். அடியில் கெட்டித் தரையே இல்லாத மணலில் அது புதைந்துவிடும். அங்கே மிதக்க வேண்டும். ஆனால் மிதக்க அகலம் ஒன்றே வழி என்பதும் சரியில்லை. 1920-களின் கடைசியில் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டிய ரால்ஃப் பாக்னோல்டு, டயரில் காற்றை இறக்கி மணலைக் கடந்தார். இரண்டாம் உலகப் போரில் நிலத்திலும் நீரிலும் ஓடிய டக் லாரியில், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு இருந்தது. என் வண்டி சுமார் 1,750 கிலோ. சக்கரத்துக்கு 437 கிலோ வரும். காற்று 32 பவுண்டு இருந்தால் டயர் தரையில் பதியும் பரப்பு தோராயமாக 194 சதுர சென்டிமீட்டர். 18-க்கு இறக்கினால் 345. பதிவு பெரும்பாலும் நீளவாக்கில் வளரும். முன்னால் மணலைத் தள்ளிக் குவிக்கும் வேலையும் அதனால் கூடுவதில்லை. டயரை மாற்றாமலே இவ்வளவு கிடைக்கிறது.

6.00-16-ஐ என் வண்டிக்குப் போடவும் முடியாது. ஜீப்பைவிட இது 600 கிலோவுக்கு மேல் கனம், வேகமும் வேறு. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண்ணையும் பார்க்க வேண்டும். 111 என்றால் அந்த டயர் 1,090 கிலோ தாங்கும், 100 என்றால் 800.

அடுத்த முறை சூரியநெல்லி போனபோது அதே அண்ணனைத் தேடிப் பிடித்து, அவர் டயரின் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அப்ப இது கார் டயரா?” என்று சிரித்தார். பிறகு என் வண்டியைச் சுற்றிவந்து, வெளியே துருத்திக்கொண்டிருந்த ரிம்மைத் தட்டிப் பார்த்தார். “இத முதல்ல கழத்துங்க தம்பி. வீல் பேரிங்கு போயிரும்.”

கழற்றினேன். நான்கு அகல டயர்களையும் ரிம்மோடு விற்றுவிட்டேன். வந்த பணத்தில் பழைய அளவிலேயே, 245/75 ஆர்16-இல், பட்டன் ஆழமான டயர்கள் வாங்கினேன். கூடவே ஒரு காற்றுமானியும், பேட்டரியில் ஓடும் சிறு பம்பும். பாறையில் 22, மணலில் 18, தார்ச்சாலை ஏறும் முன் கதவோரம் ஒட்டிய சீட்டில் கம்பெனி எழுதியிருக்கும் அளவு.