பனியும் பூசணமும்

குளிர் உயிர்களை ஒடுக்கும் என்பது யாவரும் கொண்டுள்ள எண்ணம். மதுரையைச் சூழ்ந்த வயல்களில் மார்கழி, தை மாதங்களில் நிகழ்வதோ வேறு. தமிழ் பயிலும் எம்மனோர்க்கு முன்பனி என்றவுடன் பிரிந்திருக்கும் தலைவியே நினைவிற்கு வருவாள். நெற்பயிரும் அப்பனிக்கு அஞ்சவேண்டியதே.

அவ்வச்சத்தின் பெயர் குலைநோய். இந்தியாவில் இது தஞ்சை வட்டாரத்திற் கண்டறியப்பட்டது. இதனை விளைக்கும் பூசணத்தின் வித்து கண்ணிற்குப் புலனாகாதது, பேரிக்காய் வடிவினது. காற்றில் வந்து இலைமேற் படியும் அவ்வித்து நீரின்றி முளையாது. பனிநீர் தங்குமாயின் சில மணி நேரத்துள் முளைவிட்டு, நுனியிற் குமிழ்போன்ற ஓர் உறுப்பைத் தோற்றுவித்து, அதன்கண் எழும் அழுத்தத்தால் இலைத்தோலைத் துளைத்து உட்புகும். மோட்டார் வண்டிச் சக்கரத்துக் காற்றினும் அவ்வழுத்தம் முப்பது மடங்கிற்கு மேற்பட்டது என்றால் யார் நம்புவர்!

கடுங்குளிரில் இவ்வித்து உறங்கும். 25 முதல் 28 பாகை வெப்பமே அதற்கு மிக உகந்தது. மதுரையின் மார்கழி இரவு 20 பாகையளவிற்கு இறங்கும். யாம் போர்வை தேடும் அக்குளிர் பூசணத்திற்குத் தடையன்று. முளைத்தல் சிறிது தாழ்ப்பினும், விடியுமளவும் பனிநீர் உலராது நிற்றலால் வேண்டிய பொழுது அதற்குக் கிடைத்துவிடுகின்றது. இரவு வெப்பம் 26 பாகைக்குக் கீழும், காற்றின் ஈரம் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேலுமாக ஒரு வாரம் தொடர்ந்தால் நோயை எதிர்பார்க்கலாம் என்பது உழவுநூலார் கணக்கு.

மேற்கே தோன்றும் பழனிமலையின் கதை வேறு. கோதுமைத் துருநோயின் வித்துக்கள் சமவெளிக் கோடையில் மாய்ந்தொழிய, நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் உயிர் பிழைத்துக் காற்றின்வழி வடக்கே செல்கின்றன. இந்தியத் தானியத் துருநோய்களைப் பற்றிக் கே. சி. மேத்தா எழுதி 1940-இல் வெளிவந்த நூல் இத்துறையிற் பெயர்பெற்றது.

சோழவந்தானுக்கருகே எம் மாமன் பயிரிடும் ஒன்றரை ஏக்கரில் சென்ற தை மாதத்தில் கதிர்க்கழுத்துக் கறுத்து ஒடிந்தது. தொலைவில் நிற்பார்க்குக் கதிர் விளைந்து வெளுத்ததாகவே தோன்றும், கையிலெடுத்தால் பதர். எம் கல்லூரிக் கட்டணம் அந்நெல்லினின்று வருவது. மாமன் ஒன்றும் கூறவில்லை; அத்தை தம் தோட்டை அடகு வைத்தார். உரம் விற்றவரோ இன்னும் ஒரு மூட்டை யூரியா இடுமாறு சொல்லியிருந்தார். தழைச்சத்து மிகுந்த பயிரே அப்பூசணத்திற்கு விருந்து என்பதை அவர் அறியார்போலும்.

இவ்வாண்டு மாமன் யூரியாவைக் குறைத்திருக்கிறார். பூசணம் புல்லிலும் தங்குமாதலின் வரப்பையும் செதுக்கிவிட்டார். விடுமுறையில் யாம் சென்றிருந்தபோது, விடியலில் இருவருமாக இலைகளைப் புரட்டி, நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் பழுப்பும் உடைய கண்வடிவப் புள்ளி உளதோ எனத் தேடினோம். கீழ்வரப்பின் அருகே இரண்டு கண்டோம். மாமன் துண்டை உதறித் தோளிலிட்டு, மருந்து தெளிப்பவரை அழைத்துவரப் புறப்பட்டார்.