பனிநாட்டுப் பாதையும் நான்கு ரயர்களும்

கனடா நாட்டில் வாழும் நம் உறவினர் மார்கழி, தை மாதங்களில் ஊருக்குப் பேசும்போதெல்லாம், "இஞ்சை ஒரே ஸ்நோ" என்னும் வார்த்தை தவறாமல் இடம்பெறும். யாழ்ப்பாணத்து முற்றத்திலிருந்து அதனைக் கேட்போருக்கு வெண்பனி ஓர் அழகுக் காட்சியே. மரக்கிளைகளில் பஞ்சு பூத்தாற்போன்ற படங்களையே நாம் கண்டிருக்கிறோம். ஆயின், அப்பனியின் மேல் விடியற்காலையில் காரோட்டிச் சென்று, நாள் முழுவதும் உழைத்து, இருட்டியபின் வீடு மீள்வோருக்கு அது வெறும் காட்சியன்று. சென்ற நவம்பர் மாதத்தில் ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது, இவ்வுண்மையை அருகிருந்து அறியும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

ஏரிக்கரை மாநகரம்

ஒன்ராறியோ ஏரியின் வடகரையிலே பரந்து கிடப்பது ரொறன்ரோ. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 முதல் 120 சென்ரிமீற்றர் வரை அங்கே பனி பெய்கிறது. மொன்றியால் நகரத்திலோ அது 200 சென்ரிமீற்றர் அளவுக்கு உயரும். எனினும், சாரதிகள் பெரிதும் அஞ்சுவது பனியின் அளவை அன்று. ரொறன்ரோவின் குளிர் பல நாட்களில் பூச்சியப் பாகையை ஒட்டியே ஏறி இறங்குகிறது. பகலிற் கரைந்த பனி இரவிலே மீண்டும் உறைந்து, தெருவின் மேல் மெல்லிய கண்ணாடித் தகடுபோற் படிகிறது. கீழேயுள்ள தாரின் கருமை அதனூடே தெரிவதால் அதனைக் "கரும்பனி" என்கின்றனர். ஈரம் போலத் தோன்றி ஏமாற்றும் அப்பனியே பல விபத்துகளுக்குக் காரணம். மாநகராட்சியார் உப்புத் தூவியும், கலப்பை பூட்டிய பாரவண்டிகளால் பனியை வழித்தும் தெருக்களைப் பேணுகின்றனர். ஆயினும், அவை வருமுன் வேலைக்குப் புறப்படுவோர் ஆயிரக்கணக்கினர்.

அத்தகையோரில் ஒருவர் நம் தமக்கையின் மகளை மணந்த மருமகன். பண்டசாலை ஒன்றிலே அதிகாலை ஐந்து மணிக்கு அவருக்கு வேலை தொடங்கும். வயது முதிர்ந்த தாயார் மூத்த மகனுடன் மொன்றியாலில் வசிப்பதால், மாதம் இருமுறை அங்கும் சென்றுவருவார். இவற்றுக்கு மேலாக, அவருடைய இல்லாள் தை மாதத்தில் குழந்தைப் பேற்றை எதிர்நோக்கியிருந்தாள். எந்த நள்ளிரவில் வைத்தியசாலைக்குச் செல்ல நேருமோ அறியோம். காரின் ரயர்களோ தேய்ந்துவிட்டன. சென்ற ஆண்டுக் குளிர்காலத்திலே ஒரு நாற்சந்தியில் தடுப்பை அழுத்தியும் கார் நில்லாது நடுத்தெரு வரை வழுக்கிச் சென்றதாம். வேறு வண்டி வராத புண்ணியத்தால் தீங்கொன்றும் நேரவில்லை.

"மாமா, ஒருத்தர் ஓல்-சீசன் ரயர் போதும் எண்டுறார். மற்றவர் வின்ரர் ரயர் இல்லாமல் காரை எடுக்காதை எண்டுறார். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?" என்று அவர் நம்மிடம் வினவினார். பனியறியாத நம்மிடம் விடை ஏது? "தம்பி, அறிந்தவர்களைக் கேட்டுப் பார்ப்போம்" என்றோம்.

இறப்பரும் குளிரும்

இறப்பருக்கும் குளிருக்கும் உள்ள பகை பழையது. பண்டைய இறப்பர் வெயிலில் இளகிப் பிசினாகும்; குளிரில் இறுகிக் கட்டையாகும். கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை தணியும் என்பதை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அவற்றின் கன்றுகள் நம் நாட்டுக் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்ட வரலாற்றை மாணவர்கள் அறிந்திருப்பர். வெப்ப நாட்டு மரத்தின் பால் பனிநாட்டுச் சில்லுக்குப் பயன்படுவதாயிற்று.

ஆயினும், அப்பகை முற்றாகத் தீர்ந்ததில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே செல்லும்போது சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்குகிறது. இறுகிய இறப்பர் தெருவின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றிக்கொள்ளாது. எனவே பனி பெய்யாத நாளிலும் குளிரொன்றே பிடிமானத்தைக் குறைத்துவிடும். குளிர்கால ரயரின் கலவையோ கடுங்குளிரிலும் மென்மை மாறாதிருக்கும்படி ஆக்கப்பட்டது. அதே மென்மையினால் கோடைத் தெருவில் அது விரைந்து தேய்ந்துபோகும்.

ரயரின் முகத்திலுள்ள வெட்டுக்களும் காரணமின்றி அமைந்தவையல்ல. ஆழமான பள்ளங்கள் பனியை அள்ளித் தம்முள் இறுக்கிப் பிடிக்கின்றன. பனி இறப்பரைப் பற்றுவதிலும் பார்க்கப் பனியையே நன்கு பற்றும். சிறுவர் பனியுருண்டை பிடிக்கும்போது இதனைக் காணலாம். கத்தியாற் கீறினாற்போன்ற நுண்வெட்டுக்கள் நூற்றுக்கணக்கான விளிம்புகளை உண்டாக்கி வழுக்குநிலத்தைச் சுரண்டிப் பிடிக்கின்றன.

மூவகை ரயர்கள்

பனிக்கென்றே செய்யப்பட்ட ரயர் முதலில் தோன்றியது பின்லாந்து நாட்டில். 1934ஆம் ஆண்டில் பாரவண்டிகளுக்காக அங்கே அது செய்யப்பட்டது. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் "ரியெம்போ" என்னும் ரயரை வெளியிட்டபின், ஆண்டு முழுவதும் ஒரே ரயரில் ஓடும் வழக்கம் வட அமெரிக்காவிற் பரவியது. இதுவே ஓல்-சீசன் எனப்படும் எல்லாப் பருவ ரயர். பெயர் அவ்வாறிருப்பினும், உறைகுளிருக்கு அது முற்றும் ஏற்றதன்று. "மூன்று பருவ ரயர்" என்று அதனை அங்குள்ளோர் சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இரண்டாவது, குளிர்கால ரயர். மூன்றாவது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஓல்-வெதர், அதாவது எல்லாக் காலநிலை ரயர். பெயரளவில் ஓல்-சீசனைப் போல ஒலித்தாலும் இது வேறானது. ஆண்டு முழுவதும் பூட்டியிருக்கலாம். பனிச் சோதனையிலும் தேறியது.

வேறுபாட்டை ரயரின் பக்கவாட்டிலுள்ள குறிகளே காட்டும். "எம்", "எஸ்" என்னும் எழுத்துக்கள் சேற்றையும் பனியையும் குறிப்பன. ஆயின், அவை வெட்டுக்களின் அமைப்பை ஒட்டி இடப்படுவன. பனியில் ஓட்டிச் சோதித்ததற்குச் சான்றல்ல. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள்ளே ஒரு பனித்துகளும் பொறித்த குறியே சோதனையில் தேறியதற்கு அடையாளம். 1999ஆம் ஆண்டில் புகுத்தப்பட்ட இக்குறியைப் பெறுவதற்கு, இறுகிய பனியின் மேல் ஒப்பீட்டு ரயரிலும் நூற்றுக்குப் பத்துப் பங்காவது கூடிய இழுபிடியை ரயர் காட்டவேண்டும். கண்ணாடிப் பனியில் எவ்வளவு விரைவில் நிற்கும் என்பதை அச்சோதனை அளப்பதில்லை. அவ்வகையில் முழுக் குளிர்கால ரயரே மேலானது.

மொன்றியால் நோக்கி

இவற்றையெல்லாம் கேட்டறிந்திருந்த நாட்களில், மழையும் பனியுமற்ற ஒரு சனிக்கிழமை மருமகனுடன் மொன்றியாலுக்குப் புறப்பட்டோம். நானூற்றொன்று எனப்படும் பெருஞ்சாலை மேற்கே வின்சர் நகரிலிருந்து கிழக்கே கியூபெக் எல்லை வரை 828 கிலோமீற்றர் நீளமுடையது. ஸ்காபரோவை விட்டு ஒசாவா, கோபேர்க், பெல்வில் ஆகிய ஊர்களைக் கடந்து கிங்ஸ்ரனிற் சற்றுத் தங்கினோம். 1841 முதல் 1844 வரை அன்றைய கனடா மாகாணத்தின் தலைநகராயிருந்த ஊர் அது. சுண்ணாம்புக் கல்லாற் கட்டிய பழைய மாளிகைகள் நம் ஊர்க் கோட்டை மதில்களை நினைவூட்டின. அதற்கப்பால் சென்ற் லோறன்ஸ் ஆற்றில் ஆயிரம் தீவுகள் எனப்படும் தீவுக் கூட்டம். இலையுதிர்ந்த மரங்கள் சாம்பல் நிறமாக நிற்க, வானத்திற் காட்டு வாத்துக்கள் தெற்கு நோக்கிப் பறந்துகொண்டிருந்தன.

மொன்றியாலில் மருமகனின் தமையனார் வீட்டுக் கொட்டிலிலே நான்கு சில்லுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருந்தன. "வாற கிழமை இதுகளைப் பூட்டவேணும், சட்டம்" என்றார் தமையனார். கியூபெக் மாகாணத்தில் 2008ஆம் ஆண்டு முதல் குளிர்கால ரயர் கட்டாயமாயிற்று. டிசம்பர் 15ஆந் திகதியிலிருந்து என்றிருந்த அவ்விதி, 2019ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 1 தொடங்கி மார்ச் 15 வரை என மாற்றப்பட்டது. அங்கே பதிவான கார்களுக்கே அது பொருந்தும். ஒன்ராறியோவில் அவ்வாறான கட்டாயமில்லை. எனினும், நான்கு குளிர்கால ரயர்களைப் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்திற் கழிவு வழங்கவேண்டுமென 2016 சனவரி முதல் அங்கே விதியுண்டு.

தாயார் மகனின் கையைப் பற்றி, "மோனை, பனி கொட்டினால் வராதை. நான் இஞ்சை சுகமாய்த்தான் இருக்கிறன்" என்றார். வராதே என்று வாய் சொன்னது. கண்கள் வேறு சொல்லின. மருமகன் மறுமொழி கூறவில்லை. திரும்பி வரும் வழியில், "அண்ணைக்குக் கொட்டில் இருக்கு, மாமா. நிலக்கீழ் அறையிலை வாடகைக்கு இருக்கிற நான் நாலு சில்லை எங்கை வைக்கிறது?" என்று மட்டும் சொன்னார்.

கடையிலே

மறுவாரம் ஸ்காபரோவில் ஒரு ரயர்க் கடைக்குச் சென்றோம். உரிமையாளர் வடமராட்சியைச் சேர்ந்தவர். முப்பது குளிர்காலங்களைக் கண்டவர். விற்பதற்குமுன் அளவுகோலை எடுத்துப் பழைய ரயரின் பள்ளத்தை அளந்தார். 3 மில்லிமீற்றரே இருந்தது. சட்டப்படி 1.5 மில்லிமீற்றர் வரை ஓடலாமெனினும், 4 மில்லிமீற்றரளவுக்குத் தேய்ந்தவை பனித்தெருவுக்கு உதவா என்று விளக்கினார்.

"அண்ணை, முன்சில்லுதானே இழுக்கிறது, முன்னுக்கு இரண்டை மட்டும் மாத்தினால் காணாதோ?" என்றார் மருமகன், செலவை எண்ணி.

"காணாது, தம்பி. முன்னுக்குப் பிடிச்சு, பின்னுக்கு வழுக்கினால் கார் பம்பரமாய்ச் சுத்தும். நாலும் ஒரே மாதிரி இருக்கவேணும்" என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார்.

பின்னர் அவர் கேட்டவை மூன்று கேள்விகள். எந்தத் தெருக்களில் ஓடுவீர்? மற்றைய நான்கை வைக்க இடமுண்டோ? பனி கொட்டும் நாளில் பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமோ? நகரத் தெருவிலும் பெருஞ்சாலையிலுமே ஓட்டம், இடமில்லை, வேலையைத் தள்ளிவைக்க முடியாது, மொன்றியால் பயணத்தைத் தள்ளலாம் என்றார் மருமகன். வட ஒன்ராறியோவின் காட்டுப் பாதைகளில் ஓடுபவராயின் குளிர்கால ரயரைத் தவிர வேறெதனையும் தரமாட்டேன் என்று கூறி, மலைக்குறி பொறித்த ஓல்-வெதர் ரயர்களைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார்.

பக்கவாட்டு எழுத்துக்களை வாசிக்கவும் அவரே கற்பித்தார். 205/55 ஆர் 16 என்பதில் 205 அகலத்தின் மில்லிமீற்றர். 55 அகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு பக்க உயரம். 16 உள்வளையத்தின் அங்குல விட்டம். தொடர்ந்துள்ள 91 என்னும் எண் ஒரு ரயர் 615 கிலோகிராம் தாங்கும் என்பதைக் குறிக்கும். உற்பத்திக் குறியின் இறுதி நான்கு இலக்கங்களில் முன்னிரண்டு கிழமையையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். நெடுநாள் கிடங்கிற் கிடந்த பழைய ரயரைப் புதியதென்று வாங்காதிருக்க இவ்வறிவு உதவும். குளிர் மிகும்போது உள்ளேயுள்ள காற்றின் அழுத்தம் குறையும். ஐந்தாறு பாகைக்குச் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தலளவு குறைவதால், மாதம் ஒருமுறையாவது அளந்து பார்க்கவேண்டும் என்றும் கூறினார்.

நான்கு ரயர்களும் பூட்டப்பட்டன. விலை மருமகனின் ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கிவிட்டது. அவர் முகம் வாடவில்லை.

முதற் பனி

நாம் புறப்படுவதற்கு இருநாள் முன்னர் முதற் பனி பெய்தது. வெறுமையான ஒரு தரிப்பிடத்திலே மருமகன் காரை மெல்ல ஓட்டித் தடுப்பை அழுத்திப் பார்த்தார். கார் நேராக நின்றது; ஆயின் உலர்ந்த தெருவிற்போல் உடனே நிற்கவில்லை. மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள உலர்ந்த தெருவில், மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் தடுப்பை அழுத்தியபின் ஏறத்தாழ 14 மீற்றரில் நிற்கும். 0.2 ஆகவுள்ள இறுகிய பனியில் அதற்கு 49 மீற்றர் வேண்டும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். ஒவ்வொரு ரயரும் நிலத்தைத் தொடுவது ஓர் உள்ளங்கையளவே. நல்ல ரயர் அவ்வுள்ளங்கையின் பிடியைக் கூட்டும். ஓட்டுபவரின் வேகத்தைக் குறைக்க அதனால் இயலாது.

தை மாத நடுவில் செய்தி வந்தது. நள்ளிரவில், கொட்டும் பனியில், முக்கால் மணி நேரம் மெல்ல ஓட்டி வைத்தியசாலையை அடைந்தனராம். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மொன்றியாலிலுள்ள பாட்டியார் பேத்தியைக் காணப் பங்குனி வரை பொறுத்திருக்க இசைந்துள்ளார்.

பனிநாடுகளில் மக்களும் மருமக்களும் வாழும் பெற்றோர் நம்மிடையே பலர். அடுத்த முறை அவர்கள் பேசும்போது, "சாப்பிட்டாயோ?" என்று கேட்பதோடு, "ரயரைப் பார்த்தாயோ?" என்றும் ஒரு வார்த்தை கேட்பாராக.