பயம் எந்த இடத்தில் இருக்கிறது?

கேரளத்து விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் 1972இல் கட்டப்பட்டது. அதன் உச்சியில் நின்றால் இரண்டு துறைகள் தெரிகின்றன. கிட்டத்தில், படகுகள் முண்டியடிக்கும் மீன்பிடித் துறை. அப்பால், 2025 மே 2இல் முறைப்படி திறந்துவைத்த சரக்குப் பெட்டகத் துறைமுகம். அதன் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் நீள்கிறது.

கீழே இறங்கி வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "பாரு இருக்குற இடம் எப்படிண்ணே தெரியும்?" என்றேன். தென்கரைப் பேச்சு பாதி தமிழ்தான். கரையில் ஒரு மலைமுகடும் தேவாலயக் கோபுரமும் ஒரே நேருக்கு வரவேண்டுமாம். வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கீழே மீன் அண்டும் பாறைத்திட்டு, அதுதான் பாரு. இப்படி இடம் குறிப்பதைக் கணிச்சம் என்கிறார்கள். ஜிபிஎஸ் வருமுன்பே மனசுக்குள் இருந்த வரைபடம். அசந்துபோனேன்.

மனசை வரைபடமாக்க லண்டன் கலைஞர் கிறிஸ்டியன் நோல்ட் 2004இல் முயன்றார். விரலில் மாட்டிய கருவி தோலின் வியர்வை மாற்றத்தை அளக்க, ஜிபிஎஸ் இடத்தைக் குறிக்க, ஆட்களை ஊர் சுற்ற விட்டார். எங்கே படபடப்பு ஏறியது என்று தெரிந்தது. மகிழ்ச்சியா, பயமா என்பதைக் கருவி சொல்லாது. நடந்தவரே வரைபடத்தில் எழுத வேண்டும். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாம் பாதிதான். நம் நாட்டில் 2013இல் வந்த சேஃப்டிபின் செயலியும், தெருவிளக்கு, நடைபாதையோடு, 'இங்கே எப்படி உணர்கிறீர்கள்' என்றும் கேட்கிறது. அந்தத் தகவலை வைத்து டெல்லியில் இருட்டு மூலைகளுக்கு விளக்குப் போட்டார்கள்.

இந்த விழிஞ்ஞத்தை அப்படி வரைந்தால்? ஒருபுறம் பள்ளிவாசல், மறுபுறம் சிந்து யாத்திரை மாதா தேவாலயம். 1995இல் இரு தரப்புக்கும் இடையே நடந்த மோதலில் உயிர்கள் போனபின் இரு குடியிருப்புக்கும் நடுவே வெற்றிடம் விடப்பட்டது. அளவைப் படத்தில் அது வெறும் காலி நிலம். 2017 நவம்பரில் ஒக்கி புயல் கொண்டுபோனவர்களுக்காகக் காத்திருந்த கரைக்கும் எந்தப் படத்திலும் தனி நிறமில்லை. வடக்கே வலியதுறையில், கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் கிட்டங்கிக்குள் வருடக்கணக்கில் கிடந்தன. 2022 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மீனவர் துறைமுக வாசலை மறித்தபோது, கேட்ட கேள்விகளில் பாதி, கரையும் வீடும் கடலோடு போய்விடுமோ என்ற அச்சத்தைப் பற்றியவைதான்.

துறைமுகம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கரையை ஒட்டியே இவ்வளவு ஆழம் இந்தியாவில் அரிது. ஆனால் ஆழத்தை அளந்தவர்கள் அச்சத்தை அளக்கவில்லை. அதைக் கேட்கப் போராட்டம் தேவைப்பட்டது.

இங்கிருந்து குமரி மாவட்டத்து இனயம் எட்டும் தூரம்தான். அங்கும் பெட்டகத் துறைமுகப் பேச்சு எழுந்து மீனவர்கள் எதிர்த்தார்கள். அடுத்து எந்தக் கரைக்கு அளவுக்கருவியோடு வந்தாலும், அதிகாரிகள் முதலில் ஊர்க்காரர் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுக்கட்டும்.