நிலாவுக்கும் ஒரு குட்நைட்

ராத்திரி குழந்தைக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். கதை நன்றாக இருந்தால் குழந்தை தூங்காது. "அப்புறம்?" என்று எழுந்து உட்கார்ந்துவிடும்! தூங்க வைக்க வேண்டுமானால் அந்த 'அப்புறம்' வராத புத்தகமாகப் பார்த்து எடுக்க வேண்டும். அப்படி ஒன்று 1947-ல் நியூயார்க்கில் வெளியானது. பெயர் 'குட்நைட் மூன்'. எழுதியவர் மார்கரெட் வைஸ் பிரவுன். படம் வரைந்தவர் கிளெமென்ட் ஹர்ட்.

கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பெரிய பச்சை அறை. கட்டிலில் ஒரு முயல்குட்டி. அறையில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்கிறார்கள். பிறகு சீப்பு, கஞ்சிக் கிண்ணம், கையுறை, ஜன்னலுக்கு வெளியே நிலா என்று ஒவ்வொன்றுக்கும் குட்நைட் சொல்கிறார்கள். அவ்வளவுதான். மொத்தமே சுமார் 130 வார்த்தைகள்தான் இருக்கும். (முதலில் சொன்ன டெலிபோனுக்கு மட்டும் கடைசி வரை குட்நைட் கிடையாது. பாவம்!)

வித்தையெல்லாம் படத்தில் இருக்கிறது. ஆரம்பத்தில் கடிகாரம் ஏழு மணி காட்டுகிறது. முடிக்கும்போது எட்டு பத்து. நடுவில் கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் மாறி மாறி வர, அறை வண்ணத்தில் திரும்பி வரும்போதெல்லாம் வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நிலா ஜன்னலில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. வண்ண அறைக்குள் ஒரு சுண்டெலி இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்திருக்கும். குழந்தை விரலை வைத்து அதைத் தேடும். நேற்றுக் கண்டுபிடித்த அதே எலியை இன்றைக்கும் தேடும். அலுப்பு படிக்கிற பெரியவருக்குத்தான். ஒரு பக்கம் வெறும் வெள்ளைத் தாள். அங்கே, இல்லாத ஆளுக்கும் ஒரு குட்நைட்!

இந்தப் புத்தகத்தைத்தான் நியூயார்க் பொது நூலகம் 1972 வரை வாங்காமல் இருந்தது.

காரணம் ஆன் கேரல் மூர். அங்கே 1941 வரை குழந்தைகள் பிரிவின் தலைவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. லேசான ஆள் இல்லை. சின்னப் பிள்ளைகளை நூலகங்கள் வாசலோடு அனுப்பிய காலத்தில் அவர்களுக்காகத் தனி அறை, தனிப் புத்தகம் என்று போராடியவர். ஆனால் குழந்தைப் புத்தகம் என்றால் அவருக்குத் தேவதைக் கதையும் மாய உலகமும்தான். பிரவுன் வந்த பேங்க் ஸ்ட்ரீட் பள்ளி இதற்கு நேர் எதிர். மூன்று வயசுப் பிள்ளைக்குக் கரண்டியும் ரயிலுமே அதிசயம் என்பது அவர்கள் கட்சி. பிரவுன் தான் எழுதியதைக் குழந்தைகளுக்கே படித்துக் காட்டித் திருத்துவார். மேஜையில் வைத்து மௌனமாகப் புரட்டினால் 'குட்நைட் மூன்' சாமான் பட்டியல் மாதிரிதான் தெரியும். வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

வெளிவந்த வருடம் சுமார் 6,000 பிரதிகள் விற்றன. 1953-ல் அது சுமார் 1,500. அதற்குள் பிரவுன் போய்விட்டார். 1952-ல் பிரான்சின் நீஸ் நகரில் ஆபரேஷன் முடிந்து தேறிய சமயம். நலமாகிவிட்டேன் என்று காட்டக் காலை உயரத் தூக்கி உதைத்தார். ரத்தக்கட்டி நகர்ந்து உயிர் பிரிந்தது. வயது 42. அதன் பிறகுதான் விற்பனை வருடா வருடம் ஏற ஆரம்பித்தது. இன்றைக்குக் கோடிக்கணக்கில் விற்றாகிவிட்டது.

2020-ல் அதே நூலகம் தன் 125-வது ஆண்டுக்காக, அதுவரை அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. முதலிடம் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்நோயி டே'. அதுவும் படப் புத்தகம்தான். 'குட்நைட் மூன்' பத்துக்குள் வரவில்லை. அடியில் தனியாக ஒரு குறிப்பு மட்டும் போட்டார்கள். மூர் அம்மையாருக்குப் பிடிக்காததால் 1972 வரை வாங்கவில்லை, அதனால்தான் கொஞ்சத்தில் இடம் தவறியது என்று.