கழிவு நூல் போகும் வழி

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊருக்கு நூற்புதான் பிழைப்பு. ஆலை ஓடினால் கழிவு நூலும் சேரும். அறுந்து சிக்கலான இழைகளைத் தரகர்கள் மூட்டையாக வாங்கிப் போகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் ஒரு கிட்டங்கியில் பெண்கள் அதைக் கலைத்து, வெள்ளை தனி, சாயம் ஏறியது தனி எனப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயும் பெயிண்டும் துடைக்க இதைவிட மலிவான பொருள் இல்லை. “தூத்துக்குடியில போட்டுக்காரங்க கேட்டு வாங்குவாங்க” என்றார் சாக்கு தைத்துக்கொண்டிருந்த அக்கா. அந்த மூட்டை போகும் இடத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

நான் தூத்துக்குடிக்குப் போனது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பழுது பார்ப்பதெல்லாம் அந்த இடைவெளியில்தான். கரையேற்றிய படகுகளின் அடியில் ஆட்கள் குனிந்தும் மல்லாந்தும் கிடந்தார்கள். முதலில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு பழைய பெயிண்டைக் கிரைண்டரும் உப்புத்தாளும் வைத்துத் தேய்க்கிறார்கள். பலகை இடுக்குகளைக் கலப்பத்து வைத்து அடைத்த பின், நீரில் முங்கும் பாகத்துக்குப் புதுப் பூச்சு. முகத்தில் துண்டு கட்டிய ஒருவர் கீழிருந்து வெளியே வந்தபோது புருவமெல்லாம் செந்தூள்.

“இந்தத் தூளெல்லாம் எங்க போகும், அண்ணாச்சி?”

“காத்தடிச்சா நம்ம மேல, மழை பெஞ்சா கடல்ல.”

அந்தச் சிவப்பு பெரும்பாலும் தாமிர ஆக்சைடு. பூச்சிலிருந்து தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, சிப்பியின் குஞ்சுகள் ஒட்டவிடாமல் தடுக்கிறது. அடியில் சிப்பி ஏறிய படகு டீசலை அதிகம் குடிக்கும்; அதனால் பூசாமல் இருக்கவும் முடியாது. ஒருகாலத்தில் தாமிரத்தோடு ட்ரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மமும் சேர்ந்தது. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் அது சிப்பி வளர்ப்பையே குலைத்ததால், 1982இல் அந்நாடு சிறுபடகுகளுக்கு அதைத் தடை செய்தது. பெண் கடல் நத்தைகளுக்கு ஆணுறுப்பு வளர்ந்ததும் இதனால்தான். சங்கும் நத்தை வகைதான். சங்கு குளித்துப் பிழைத்த ஊர் தூத்துக்குடி. உலகக் கப்பல்களில் ட்ரைபியூட்டைல்டினை விலக்கும் உடன்படிக்கை 2001இல் உருவாகி 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

தடை வந்தாலும் தேய்த்த தூளில் தாமிரம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பெயிண்ட் கசடை மட்டும் சொல்லவில்லை. நச்சு ஒட்டிய காலி டப்பாவையும், துடைத்த பஞ்சையும் துணியையும் சேர்த்தே பட்டியலிடுகின்றன. அப்படியானால் கிட்டங்கிப் பெண்கள் பிரித்துக் கொடுத்த நூலும் பெயிண்டில் நனைந்ததும் அபாயகரக் கழிவு. அதை 90 நாளுக்கு மேல் இடத்தில் வைத்திருக்கக் கூடாது; அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு உரிய சீட்டோடு அனுப்ப வேண்டும். அத்தகைய நிலையம் ஒன்று எங்கள் விருதுநகர் மாவட்டத்தில், திருச்சுழி வட்டத்திலேயே இருக்கிறது. முறைப்படி நடந்தால், எங்கள் ஊரிலிருந்து வெள்ளையாகப் போன நூல் எங்கள் மாவட்டத்துக்கே சிவப்பாகத் திரும்ப வேண்டும்.

நான் பார்த்த இடத்தில் அது படகடி மணலில் கிடந்தது. பெரிய கப்பல்தளத்துக்குத் தனி அதிகாரி, தனிப் பதிவேடு உண்டு. ஒரு படகுக்காரரிடம் சேர்வது இரண்டு மூன்று சாக்கு. அதற்கு யார் லாரி பிடிப்பார்? தார்ப்பாய் விரித்தால் தூள் மண்ணில் சேராது. ஈரம் வைத்துத் தேய்த்தால் பறக்காது. துண்டுக்குப் பதில் சரியான முகமூடி வேண்டும். இவற்றைத் தொழிலாளி தலையில் கட்ட முடியாது. நாள் கூலிக்கு வந்தவர் அவர். தடைக்காலத்தில் துறைமுகமே ஒரு பொதுச் சேகரிப்புக் கூடம் வைத்து, படகு ஏற்றும் கட்டணத்தோடு கழிவுக் கட்டணத்தையும் வாங்கினால், சாக்குகள் சேர்ந்து லாரி நிரம்பும். 61 நாளில் முடியும் வேலைக்கு 61 நாள் ஏற்பாடு போதும்.